நன்றிப் பட்டியலில் ஒரு பெயர்

அத்தியாயம் ஆறு

மாடிப்படி ஏறும்போதே காளியப்பனுக்கு மனசு சரியில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், டயர் கடைக்கு மேலே இருந்த ஷாமளாவின் அலுவலகக் கதவில் யாரோ சிவப்புச் சாயத்தால் 'திருடி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ துடைத்தும் பார்த்திருக்கிறார்கள். துடைத்ததில் சாயம் பரவி, கதவு முழுக்க ரத்தம் வழிந்த மாதிரி ஆகிப்போயிருந்தது.

"கடன் கட்டாதவங்க கதவுல சாயம் பூசுற வட்டிக்காரன் ஆளுங்க வேலைன்னு நினைச்சேன் மேடம். ஆனா எழுத்து அச்சு மாதிரி இருக்கு. படிச்சவங்கதான்," என்றார்.

ரீத்தா சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருஷம் பொய்க் காயம் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பழகியவள் அவள். இரண்டு வருஷமாகச் சொந்தமாகத் துப்பறிகிறாள். காளியப்பன் முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவர். ஜொகூர் மாநிலத்தில் அவருக்குத் தெரியாத சந்தும் கிடையாது, அவர் வாய்க்குத் தப்பிய ஆளும் கிடையாது. ஐம்பத்தெட்டு வயசில் ரீத்தாவுக்குக் காரோட்டி, காவல்காரர், கூடத் துப்பறிகிறவர் எல்லாம் அவர்தான். சம்பளம் மட்டும் ஒரே ஆளுக்குத்தான் வருகிறது என்று கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

உள்ளே ஷாமளா ஒருத்திதான் இருந்தாள். நாலு நாளாகத் தூங்காத முகம். கிரிப்டோ நாணயங்களைப் பற்றி இணையத்தில் தமிழில் எழுதுகிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டுரை. கட்டுரைக்குக் கீழே ஒரு பெட்டி: 'எது புரியவில்லை? எழுதுங்கள்.' வாசகர்கள் எழுதுவதை ஒன்று விடாமல் படித்து, கட்டுரையைத் திருத்தி, மறுபடியும் போடுவாள். முதலில் எழுதினதெல்லாம் தனக்கே விளங்காது என்றும், கேட்டுக் கேட்டு அவர்கள்தான் தன்னை மனுஷத் தமிழ் எழுத வைத்தார்கள் என்றும் சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். அந்த நாணயத்துக்குப் பூட்டு, சாவி எல்லாமே பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள். வார்த்தைகளை வரிசையாக அறிந்தவன் எவனோ அவனுக்கே நாணயம் சொந்தம். இரண்டு மாசத்தில் அவளுடைய வாசகர்கள் ஐந்து பேர் மொத்தத்தையும் பறிகொடுத்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் முதலில் ஒரு போன் வந்திருக்கிறது. இளவட்டக் குரல், தேன் மாதிரிப் பேச்சு. அவர்கள் ஷாமளாவிடம் என்ன சந்தேகம் கேட்டார்களோ அதையே எடுத்துச் சொல்லி, 'உங்க வார்த்தை வெளியே போயிருச்சு, ஜாக்கிரதை' என்று பயமுறுத்தியிருக்கிறான். இரண்டே நாளில் நாணயம் காணாமல் போயிருக்கிறது. சந்தேகம் கேட்டது ஷாமளாவிடம்தானே, வேறு யாருக்குத் தெரியும் என்று ஊரே அவள் பக்கம் திரும்பிவிட்டது.

போன வாரம் கமலநாதன் ஐயாதான் அந்த ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நியாயம் கேட்டாராம். கமலநாதன் என்றதும் காளியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குளுவாங் வட்டாரத்து மரண சகாய நிதிக்குச் செயலாளர். எந்தத் தோட்டத்தில் சாவு விழுந்தாலும் பிணத்தை இறக்குவதற்குள் பண உறையோடு வந்து நிற்பவர். காளியப்பன் பெண்சாதி போனபோது பெட்டியைத் தூக்கினதில் ஒரு தோள் அவருடையது. அப்பேர்ப்பட்ட மனுஷனே கோபப்பட்டு வந்தார் என்றால் இந்தப் பெண் ஏதோ செய்துதான் இருக்கிறாள் என்று அவருக்கு ஒரு நினைப்பு ஓடியது.

"அஞ்சு பேரும் போன்ல அந்த வார்த்தைகளைச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள் ரீத்தா.

"அதான் இல்ல. ஒரு வார்த்தைகூடச் சொல்லல, உடனே வெச்சிட்டோம்னு சத்தியம் பண்றாங்க. வெட்கத்துல பொய் சொல்றாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க."

"அஞ்சு பேர் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டாங்க. ஆளுக்கு ஒரு பொய்தான் சொல்வாங்க."

இன்னொன்றையும் ஷாமளா தயங்கித் தயங்கிச் சொன்னாள். போனை வைப்பதற்கு முன்னால் அந்தக் குரல் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறது. நான் சொன்னது புரிஞ்சுதா, எந்த இடம் தெளிவா இல்ல? பறிகொடுத்தவர்களில் ஒருவரான ஜெயபாலனிடம் அப்படிக் கேட்டதற்கு அவர் 'வேகமா பேசுறே தம்பி' என்று சொல்லித் தொலைத்தாராம். அடுத்த ஆளிடம் அவன் நிறுத்தி நிதானமாகப் பேசியிருக்கிறான்.

காளியப்பன் மேசையில் அடுக்கியிருந்த வாசகர் குறிப்புகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். பத்திரமாக அச்செடுத்து, வாரம் வாரியாகக் கிளிப் போட்டு வைத்திருந்தாள் ஷாமளா. ஒருவர் கேட்டிருந்தார்: நாணயத்தைச் சுரங்கம் தோண்டி எடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, எந்த ஊரில் தோண்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்களா? காளியப்பன் அதை ஒதுக்கி வைத்துக்கொண்டார். மேடம் சம்பளத்தை ஏற்றாவிட்டால் தானும் அங்கேயே போகலாம் என்றார்.

அடுத்த தாள் இந்த ஞாயிற்றுக்கிழமையுடையது. பெயர் இல்லை. 'இந்த வாரம் நன்றிப் பட்டியல் வரவில்லையே. வாசகர்களை மறந்துவிட்டீர்களா?'

ரீத்தா அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது என்ன பட்டியல்?"

ஷாமளா கணினியைத் திருப்பிக் காட்டினாள். வானொலியில் பாட்டுக் கேட்டால் பெயரும் ஊரும் சொல்வார்களே, அதைக் கேட்டு வளர்ந்த சனம்தானே நாம். தன் பெயர் நாலு பேர் முன்னால் வந்தால் வருகிற சந்தோஷமே தனி. அந்தப் பழக்கத்தில்தான் அவளும், திருத்திய கட்டுரைக்கு அடியில் ஒவ்வொரு வாரமும் நன்றி போட்டிருந்தாள். 'லாயாங் லாயாங் ஜெயபாலன் ஐயா, பன்னிரண்டு வார்த்தை எதற்கு என்று கேட்டார். குளுவாங் பேச்சியம்மாள் அம்மா, வார்த்தைகளைப் போனிலேயே வைக்கலாமா என்று கேட்டார்.' பெயர் வந்தவர்கள் அதைச் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்புவார்களாம். இந்த வாரம் மட்டும், நடந்த அமளியில், பட்டியல் போடவில்லை.

"இதுவரைக்கும் பேர் வந்தவங்க யாராவது பட்டியல் எங்கேன்னு கேட்டாங்களா?"

"இல்ல. இது ஒண்ணுதான்."

"பேர் வந்தவங்க கேக்கல. பேரே போடாதவன் கேக்குறான். அவனுக்கு எதுக்கு இந்தப் பட்டியல்?"

ஷாமளாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். யாரிடம் நாணயம் இருக்கிறது, எந்த ஊரில் இருக்கிறார், அவருக்கு எது தெரியாது. இந்த மூன்றையும் வாராவாரம் மரியாதையாக எழுதி, உலகத்துக்கே படிக்கக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய பெட்டியை எவனும் உடைக்கவில்லை. அவள் திறந்து வைத்ததைப் படித்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஐந்து பேரையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். பெயர் வந்த வாரத்துக்குள் போன் வந்திருக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிப் பட்டியலில் மூன்று பெயர்கள். முதல் இரண்டு பேரும் பறிகொடுத்துவிட்டார்கள். மூன்றாவது யார் என்று வாசிக்கச் சொன்னாள் ரீத்தா.

காளியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மூணாவது, அதிர்ஷ்டசாலி நேயர், ரெங்கம்..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"என்ன அண்ணே?"

"ரெங்கம் கருப்பாயி. இது எங்க அக்கா மேடம்."

அக்கா மகன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். வீடு வாங்கவென்று ஐந்து வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை எல்லாம் அந்த நாணயத்தில்தான் போட்டிருந்தான். விடுதியில் பத்து பேரோடு படுக்கிறவன் வார்த்தைகளை எங்கே வைப்பான்? எழுதி அம்மாவிடம் கொடுத்திருந்தான். அக்காவுக்கு ஒன்றும் புரியாமல் விழித்தபோது, இந்தத் தளத்தைப் படி, பேத்தி லோஷினியை விட்டுச் சந்தேகத்தை எழுதிக் கேள் என்று யோசனை சொன்ன புண்ணியவான் வேறு யாருமில்லை, காளியப்பன்தான்.

அக்கா கேட்டதையும் ஷாமளா தேடி எடுத்தாள். 'யாரிடமும் காட்டாதே என்கிறீர்கள். நமக்கு வேண்டியவர்களே வந்து கேட்டால் முகத்துக்கு நேராக முடியாது என்று எப்படிச் சொல்வது? அதற்கு வழி எழுதவில்லையே.' அதைப் படித்துவிட்டுக் கட்டுரையில் ஒரு வரி சேர்த்ததாக ஷாமளா சொல்லிக்கொண்டிருந்தாள். காளியப்பன் காதில் விழவில்லை. அவர் அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ரெங்கம் போகிற பாதையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடு, பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்தது. முன்னால் குலை ஏற்றின லாரி ஒன்று நகருவேனா என்று போனது. வழக்கமாக அந்த மாதிரி லாரியைக் கண்டால் காளியப்பன் டிரைவரின் பரம்பரையையே விசாரிப்பார். இன்றைக்கு ஹாரன்கூட அடிக்காமல் முந்த இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ரீத்தா அவரைப் பேச வைக்கப் பார்த்தாள்.

"ஒண்ணு உதைக்குது அண்ணே. பட்டியல்ல பேரும் ஊரும்தான் இருக்கு. போன் நம்பர் இல்ல. அவனுக்கு நம்பர் எங்கேர்ந்து கிடைச்சுச்சு?"

"சின்ன ஊர்தானே. கேட்டா சொல்வாங்க."

"அஞ்சு ஊர்ல போய் அஞ்சு பேர் நம்பரைக் கேட்டா, ஒரு ஆளாவது ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்களா?"

ரீத்தா ஜெயபாலனைப் போனில் பிடித்தாள். போன் வந்ததற்கும் நாணயம் போனதற்கும் நடுவில் வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று விசாரித்தாள். யாரும் வரவில்லை என்றார் அவர். நன்றாக யோசிக்கச் சொன்னாள். யோசித்துவிட்டும் அதையேதான் சொன்னார். அடுத்து, பறிகொடுத்த இன்னொருவரான பேச்சியம்மாளைக் கேட்டாள். அந்த அம்மாவும் யாரும் வரவில்லை என்றார். ரீத்தா போனை மடியில் வைத்துக்கொண்டு, கார்க் கண்ணாடியில் துடைப்பான் மழையைத் தள்ளுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரெங்கத்தில் அக்காவின் வரிசை வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. காளியப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

கருப்பாயி முன்னறையில் நல்லபடியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில், கையில் தேநீரோடு, கமலநாதன் ஐயா.

காளியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையில்தான் அந்தப் போன் வந்ததாம். அக்கா பயந்து வைத்துவிட்டாளாம். அரை மணி நேரத்தில் ஐயா வந்து சேர்ந்திருக்கிறார். இப்படிப் போன் வருகிறது என்று கேள்விப்பட்டு வீடு வீடாக எச்சரித்துக்கொண்டிருக்கிறாராம். போனை அணைத்து வைக்கச் சொன்னதும் அவர்தான். அந்தப் பயல் மறுபடி கூப்பிட்டால் என்ன செய்வது என்றாராம். காளியப்பன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நீங்க மட்டும் வரலன்னா எங்க குடும்பமே போயிருக்கும் ஐயா என்றார். ஐயா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்குப் பெட்டி தூக்கினபோதும் இதே மாதிரிதான் தட்டினார்.

ரீத்தா வாசலிலேயே நின்றாள். நனைந்த குடையை மடக்கிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். "ஆண்ட்டி, அந்தப் போனுக்கு அப்புறம் இன்னிக்கு வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையேம்மா," என்றாள் கருப்பாயி.

சொல்லிவிட்டு ஐயாவின் குவளையில் தேநீர் குறைந்திருப்பதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

காளியப்பன் இன்னும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அது ஈரமாக, சில்லென்று இருப்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் வரவில்லை. ஜெயபாலன் சொன்னார், பேச்சியம்மாள் சொன்னார், இப்போது ஐயாவை எதிரே வைத்துக்கொண்டே அக்காவும் சொல்கிறாள். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறவரை யார் 'யாரோ ஒருத்தர்' என்று எண்ணுவார்கள்? நிதியில் சேர்ந்த நானூறு குடும்பத்துப் போன் நம்பரையும் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறவர் வேறு யார்?

கையை விட்டார்.

ஐயாவின் மடியில் ஒரு போன் இருந்தது, பக்கத்தில் ஒரு கோடு போட்ட தாள். போலீஸ் ரிப்போட்டுக்கு ஆதாரம் என்று சொல்லி, வார்த்தைகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கியிருக்கிறார். தட்டித் தட்டிப் பார்த்தும் நாலாவது வார்த்தையைப் போன் ஏற்க மாட்டேன் என்கிறதாம்; சரியாகத்தான் எழுதியிருக்கிறதா என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் இவர்கள் வந்திருக்கிறார்கள். ரீத்தா குனிந்து அந்தப் போனை எடுத்தாள். ரிப்போட்டு எதுவும் இல்லை. பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன, வார்த்தைகளை நிரப்பினால் ஒருவருடைய நாணயத்தை வேறு போனில் திறந்துவிடுகிற கட்டங்கள். மூன்று நிரம்பியிருந்தன. நாலாவது சிவப்பாக இருந்தது.

காளியப்பன் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளையின் கொட்டை எழுத்து. ரிவர், விண்டோ, மார்க்கெட், எழுத்துப் பிழையோடு எலிஃபெண்ட். ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மையில் பன்னிரண்டுக்கு ஒன்பது.

"இது லோஷினியோட ஸ்பெல்லிங் பேப்பராச்சே," என்றார்.

கருப்பாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐயா மன்னிக்கணும் என்று அவரைப் பார்த்தே சொன்னாள். "ஐயா மேல சந்தேகமே இல்ல. வயசுல பெரியவரு, வீடு தேடி வந்து கேக்குறாரு, எப்படி இல்லன்னு சொல்றது? அந்தப் பொண்ணுகிட்ட இதைத்தான் கேட்டு எழுதியிருந்தேன். மறுக்க முடியலன்னா வேற ஏதாச்சும் ஒரு தாளைக் குடுத்து அனுப்புங்க, வேண்டியவரா இருந்தா ஒரு நஷ்டமும் இல்ல அப்படின்னு போட்டிருந்துச்சு. அதான் ஐயா, கைக்குக் கிடைச்சதைக் குடுத்தேன். உண்மையான தாள் அரிசி டின்ல இருக்கு."

காளியப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. ஐந்து வருஷ உழைப்பு அரிசி டின்னில் பத்திரமாக இருக்கிறது. அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். கமலநாதனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாட்டிக்கொண்டவனின் முகம் மாதிரி அது இல்லை. ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிறவனின் முகம் மாதிரி இருந்தது.

"பயம் காட்டுறது அந்தக் குரல், ஆறுதல் சொல்லித் தாளை வாங்கிட்டுப் போறது நீங்க. இல்லையா?" என்றாள் ரீத்தா. "யார் அவன்?"

அவர் தலையை ஆட்டினார். முகம் பார்த்ததில்லை என்றார். முதலில் ஏமாந்ததே தான்தான், போனது நிதிப் பணம், அதைத் திருப்பித் தருகிறேன் என்று அந்தக் குரல்தான் ஆசை காட்டி, அங்கத்தினர் பெயரும் நம்பரும் உள்ள புத்தகத்தைக் கேட்டது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெதுவா பேசும்மா. அவன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

சட்டைப் பையில் இன்னொரு போன் துருத்திக்கொண்டிருந்தது. காளியப்பன் அதை உருவினார். திரையில் பெயர் இல்லை. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது, ஐம்பத்திரண்டு நிமிஷமாக. அவர் பார்க்கப் பார்க்க அந்தப் பக்கம் துண்டித்துக்கொண்டது.

ரீத்தா உடனே போலீசுக்குப் போன் பண்ணத் தொடங்கினாள். கருப்பாயி ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்த நேரத்தில் காளியப்பனின் சொந்தப் போன் அடித்தது. தெரியாத எண். அவரும் நிதியில் அங்கத்தினர்தான், பதினெட்டு வருஷமாக.

எடுத்தார். தேன் மாதிரிக் குரல், அவசரமே இல்லாமல் பேசியது.

"வணக்கம் அண்ணே. நான் பேசுனது உங்க அக்காவுக்குச் சரியா எடுபடல போல. எந்த இடம் தெளிவா இல்லன்னு கேட்டுச் சொல்றீங்களா? திருத்திக்கிறேன். புத்தகத்துல இன்னும் நானூறு பேர் இருக்காங்க."

ஜொகூரில் எவனுக்கும் பதில் வைத்திருந்த காளியப்பன், அந்தப் போனை ரீத்தாவிடம் நீட்டினார்.